டேஷ்போர்டில் விளக்கு எரிந்தால் எவ்வளவு நேரம் இருக்கிறது? கார் முதல் வீட்டு அடாப்டர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் கார் ஓட்டும் நம் ஆட்களில் பலருக்கு டேஷ்போர்டில் பழக்கமான விளக்குகள் நாலைந்துதான்: பெட்ரோல் குறைவு, ஹேண்ட் பிரேக், சீட் பெல்ட், இண்டிகேட்டர். வேறு எது எரிந்தாலும் "சர்வீஸுக்கு விடும்போது பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிறோம், இல்லாவிட்டால் பதறிப்போய் சில்க் போர்டு ஜங்ஷன் நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு முழிக்கிறோம். இரண்டிலும் ஆபத்து இருக்கிறது. எந்தப் பாகம் கெட்டது என்பதை மெக்கானிக் கண்டுபிடித்துக்கொள்வார். ஆனால் வண்டியை இப்போதே ஓரங்கட்டுவதா, வீடு வரை போகலாமா, சனிக்கிழமை வரை விடலாமா என்பதை ஓட்டுகிறவர்தான் அந்த நிமிடத்திலேயே முடிவு செய்தாகவேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் விளக்குகளை, எவ்வளவு அவகாசம் தருகின்றன என்ற வரிசையில் சொல்கிறேன்.

முதலில் நிறம், அப்புறம் சிமிட்டல்

இந்தக் குறியீடுகள் கம்பெனிக்குக் கம்பெனி தலைகீழாக மாறுவதில்லை. ஐஎஸ்ஓ 2575 என்ற சர்வதேசத் தரம் ஒன்று இருக்கிறது, மாருதியோ டொயோட்டாவோ ஹூண்டாயோ, பெரும்பாலான படங்கள் அதிலிருந்து வருகின்றன. நிறத்தின் பொருளும் அப்படித்தான். சிவப்பு என்றால் ஆபத்து, வண்டியை நிறுத்துவதைப் பற்றி உடனே யோசிக்கவேண்டும். மஞ்சள் அல்லது ஆரஞ்சு என்றால் ஏதோ ஒரு அமைப்பு சரியாக வேலை செய்யவில்லை, சீக்கிரம் காட்டவேண்டும். பச்சை என்றால் ஏதோ ஒன்று போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். நீலம் பெரும்பாலும் ஹை பீம், எதிரே வருகிறவரின் கண்ணில் அடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். சில கார்களில் நீல நிறத்தில் ஒரு தெர்மாமீட்டர் காலையில் எரியும், இஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று சொல்கிறது. அது அணையும்வரை ஆக்சிலரேட்டரை அழுத்தி மிதிக்காமல் இருந்தால் போதும்.

நிறத்துக்கு அடுத்து, விளக்கு நிலையாக எரிகிறதா, விட்டு விட்டு எரிகிறதா என்று பாருங்கள். ஒரே படம் இந்த இரண்டு விதத்திலும் இரண்டு வெவ்வேறு செய்தி சொல்லும், கீழே செக் இஞ்சின் வரும்போது விளக்குகிறேன்.

இன்றே செய்து பார்க்க ஒரு வேலை. பார்க்கிங்கில் நின்றபடி இஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்புங்கள். பட்டன் வண்டி என்றால் கிளட்சையோ பிரேக்கையோ மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்துங்கள். எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியும், அவற்றில் பலவும் சில நொடிகளில் அணையும். ஆயில், பேட்டரி, செக் இஞ்சின் ஆகிய மூன்று விளக்குகளும் இஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகுதான் அணையும். இதை செல்போனில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியில் என்னென்ன விளக்குகள் இருக்கின்றன என்பதற்கு இதைவிட நல்ல பட்டியல் கிடைக்காது, நாளைக்கு ஏதாவது எரிந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நொடிகள் மட்டுமே தரும் விளக்கு: ஆயில் பிரஷர்

மூக்கு நீண்ட எண்ணெய்க் கேன், நுனியில் ஒரு சொட்டு, சிவப்பு நிறம். இஞ்சின் ஓடும்போது இது எரிந்தால் பாதுகாப்பாக ஓரத்துக்கு வந்து இஞ்சினை உடனே அணைக்கவேண்டும், "அடுத்த சிக்னல் தாண்டி" என்பதெல்லாம் கிடையாது. உள்ளே சுழலும் இரும்புப் பாகங்களுக்கு நடுவில் ஆயில்தான் மெல்லிய படலமாக நிற்கிறது. அந்த அழுத்தம் போய்விட்டால் இரும்போடு இரும்பு உரசி பேரிங்குகள் போய்விடும், அதற்கு நிமிடக்கணக்கு கூட வேண்டாம்.

பெங்களூரில் இதற்கு ஒரு சாதாரணக் காரணம் உண்டு. உள் ரோடுகளில் பெயின்ட் கூட அடிக்காத ஸ்பீடு பிரேக்கர்கள், மழைக்குப்பின் தண்ணீர் நிரம்பிக் கண்ணுக்குத் தெரியாத குழிகள். அடிவயிற்றில் 'டங்'கென்று ஒரு அடி விழும், இஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப் கீறும், கொஞ்ச தூரம் போனதும் விளக்கு வரும். அப்படி பலமாக அடிபட்டால் விளக்கு வரும்வரை காத்திருக்காமல் இறங்கி, வண்டிக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

நிறுத்தியபிறகு, சமதளத்தில் ஐந்து பத்து நிமிடம் விட்டு, ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவில் ஆயில் தெரியவேண்டும். குறைந்திருந்தால் சரியான கிரேடு ஆயிலை ஊற்றிப் பார்க்கலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தது என்றால் திரும்ப ஸ்டார்ட் செய்யவே கூடாது, டோயிங் வண்டிதான். இதே கேன் மஞ்சள் நிறத்தில் எரிந்தால் பல கார்களில் அது ஆயில் அளவு குறைவு என்ற அறிவிப்பு, அதற்கு இவ்வளவு பதற்றம் வேண்டாம், ஆனால் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

ஒன்றிரண்டு நிமிடம்: சிவப்புத் தெர்மாமீட்டர்

அலைகளுக்கு மேலே நிற்கும் தெர்மாமீட்டர். பொங்கல், தீபாவளி முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவில் தொப்பூர் ஏற்றத்தில் இதைப் பார்க்கிறவர்கள் ஏராளம். வண்டி நிறைய ஆள், டிக்கி நிறைய அரிசி மூட்டை, ஏசி ஓடுகிறது, லாரிக்குப் பின்னால் முதல் கியரில் ஊர்கிறோம், ரேடியேட்டருக்குக் காற்றே இல்லை. என் மைத்துனர் ஒரு பொங்கல் முடிந்த ஞாயிறு அங்கிருந்துதான் போன் செய்தார். "மச்சான், சிவப்புல தெர்மாமீட்டர் மாதிரி ஒண்ணு எரியுது, பசங்க வேற இருக்காங்க, டோல் வரைக்கும் போயிடட்டுமா?" போகவேண்டாம், அப்படியே ஓரங்கட்டுங்கள் என்று சொன்னேன். சொன்னபடி கேட்டார். ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்திருந்தது, தருமபுரியிலிருந்து மெக்கானிக் வந்து அதை மாற்றிக் கூலன்ட் ஊற்றினார், ராத்திரி வீடு வந்து சேர்ந்தார்கள். அந்தச் சூட்டிலேயே டோல் வரை இழுத்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இஞ்சினைப் பிரிக்கவேண்டி வந்திருக்கும்.

செய்யவேண்டிய வரிசை இது. ஏசியை அணையுங்கள். ஓரங்கட்ட இடம் கிடைக்க நேரமாகும் என்றால் ஹீட்டரை முழுச் சூட்டிலும் பிளோயரை முழு வேகத்திலும் வையுங்கள். வேர்த்துக் கொட்டும், ஆனால் இஞ்சின் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியே இழுத்துவிடும். நிறுத்தி இஞ்சினை அணையுங்கள். பானெட்டிலிருந்து ஆவி வந்தால் உடனே திறக்காதீர்கள். முக்கியமாக, ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் டேங்க் மூடியையோ சூட்டோடு திறக்கவே கூடாது, உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்திலும் கையிலும் பீய்ச்சி அடிக்கும். குறைந்தது அரைமணி நேரம் விடுங்கள். ஆறியபிறகு கூலன்ட் குறைந்திருந்தால் ஊற்றுங்கள், அவசரத்துக்கு வெறும் தண்ணீர் ஊற்றினாலும் பாதகமில்லை, ஊர் சேர்ந்ததும் முறைப்படி கூலன்ட் மாற்றிக்கொள்ளலாம். ஆறாத இஞ்சினில் மட்டும் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடலாம்.

பிரேக் விளக்கு: முதலில் ஹேண்ட் பிரேக்

வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி, இரண்டு பக்கமும் அடைப்புக்குறி போன்ற வளைவு, சிவப்பு. பத்தில் எத்தனையோ முறை ஹேண்ட் பிரேக்கை முழுதாக இறக்காததுதான் காரணம். இறக்கியும் அணையவில்லை என்றால் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். அளவு குறைந்திருந்தால், பிரேக் பேட் தேய்ந்து ஆயில் கீழே இறங்கியிருக்கலாம், அல்லது எங்கோ ஒழுகுகிறது. பெடலை மிதித்துப் பாருங்கள். பஞ்சு மாதிரி உள்ளே போனால் அந்த வண்டியை ஒரு அடி கூட ஓட்டாதீர்கள். ஊற்றவேண்டியது எந்த வகை என்று மூடியிலேயே எழுதியிருக்கும், டாட் 3, டாட் 4 என்று.

மஞ்சள் நிறத்தில் ஏபிஎஸ் என்ற எழுத்து மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் பிடிக்கும், ஆனால் ஈர ரோட்டில் அழுத்தி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கலாம். மெதுவாக ஓட்டிப் போய்க் காட்டலாம். சிவப்பு பிரேக் விளக்கும் மஞ்சள் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து எரிந்தால் கதையே வேறு: முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் பிரேக் விசையைப் பிரித்துக்கொடுக்கும் ஈபிடி அமைப்பும் போயிருக்கலாம், பின்பக்கம் சுழன்றுவிடும் அபாயம் உண்டு. நிறுத்துங்கள்.

பேட்டரி விளக்கு கிலோமீட்டர் கணக்கில் தரும்

பேட்டரிப் படம் சிவப்பாக எரிந்தால் பேட்டரி கெட்டது என்று நினைத்துப் பலர் புது பேட்டரி வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். இஞ்சின் ஓடும்போது எரிந்தால் பெரும்பாலும் சார்ஜ் ஏறவில்லை என்றுதான் பொருள்: சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர், அல்லது அதைச் சுற்றும் பெல்ட், அல்லது ஒரு ஒயர். இப்போது வண்டி பேட்டரியில் மிச்சம் இருப்பதை மட்டும் வைத்து ஓடுகிறது. ஏசி, பாட்டு, செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, இஞ்சினை மட்டும் அணைக்காமல் கிட்டத்தில் இருக்கும் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். அணைத்தால் மறுபடி செல்ஃப் எடுக்காமல் போகலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, பல கார்களில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்ப்பையும் சுற்றுகிறது, அது அறுந்திருந்தால் இஞ்சினும் சூடாகும், அதனால் டெம்பரேச்சர் முள்ளின் மேல் ஒரு கண் வையுங்கள். வோல்டேஜ் இறங்க இறங்க பவர் ஸ்டீயரிங்கும் கனக்கத் தொடங்கலாம். சோதிக்க மல்டிமீட்டர் போதும்: இஞ்சின் அணைந்திருக்கும்போது நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும், ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை இருக்கவேண்டும்.

மஞ்சள் இஞ்சின்: நிலையாகவா, சிமிட்டியா?

செக் இஞ்சின் நிலையாக எரிந்து, வண்டி வழக்கம்போல ஓடினால் அன்றாட வேலைக்குப் போய்வரலாம், ஓரிரு நாளில் காட்டிவிடுங்கள். அது சிமிட்டினால் ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே சைலன்சர் பக்கம் போகிறது என்று பொருள். அங்கே புகையைச் சுத்தப்படுத்த இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் அது எரிந்து சூடேறி, விலை உயர்ந்த அந்தப் பாகத்தையே உருக்கிவிடும். ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறைத்து நிறுத்துங்கள்.

பயப்படாமல் நீங்களே முதல் படி பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஸ்டீயரிங்குக்குக் கீழே, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்க உதவும் 16 பின் உள்ள ஓபிடி சாக்கெட் இருக்கும். ஒரு சின்ன புளூடூத் ஸ்கேனர் வாங்கிச் செருகினால் செல்போனில் பிழைக்குறியீடு (code) வரும். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் மிஸ்ஃபையர், பி0301 என்றால் முதல் சிலிண்டரில், பி0420 என்றால் கேட்டலிடிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவு, பி0171 என்றால் பெட்ரோலுக்கு இருக்கவேண்டியதைவிடக் காற்று அதிகம். பிழைக்குறியீடு ஒன்றை வைத்து உடனே பாகத்தை மாற்றச் சொல்லாதீர்கள், அது எந்த இடத்தில் தேடுவது என்பதைத்தான் சொல்கிறது. ஆனால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்தால் மெக்கானிக்கிடம் பேச்சு வேறு மாதிரி போகும், தேவையில்லாத பட்டியலை யாரும் எளிதில் நீட்டமாட்டார்கள். பிழைக்குறியீட்டை அழித்துவிட்டு விளக்கு அணைந்தது என்று நிம்மதி அடைவதில் ஒரு பயனும் இல்லை.

டீசல்காரர்கள் கவனிக்க: டிபிஎஃப்

பெங்களூரில் டீசல் கார் வைத்திருக்கிறவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகை மாசு விதி வந்தபிறகு வந்த டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்ற வடிகட்டி இருக்கிறது. கரி சேர்ந்ததும் அதை உள்ளேயே எரித்துச் சாம்பலாக்கவேண்டும், அதற்கு சுமார் 600 டிகிரி வெப்பம் தேவை. மாரத்தஹள்ளியிலிருந்து பெல்லந்தூர் வரை நின்று நின்று போகும் வண்டியில் அந்த வெப்பம் எப்போது வரும்? கரி எரியத் தொடங்கும்போதே ஆபீஸ் பார்க்கிங் வந்துவிடுகிறது, இஞ்சினை அணைத்துவிடுகிறோம். இப்படிப் பாதியில் நிற்க நிற்க, எரிப்பதற்காகக் கூடுதலாகத் தெளித்த டீசல், இஞ்சின் ஆயிலில் கலந்து, டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு கூடுவது கூட நடக்கும்.

விளக்கு இப்படி இருக்கும்: ஒரு பெட்டி அல்லது சைலன்சர் வடிவம், உள்ளே புள்ளிகள், மஞ்சள். இது வந்த அன்றே ராத்திரி டிராஃபிக் அடங்கியபின் நைஸ் ரோட்டிலோ, சில்க் போர்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் ஏறி அத்திப்பள்ளி, ஓசூர் பக்கமோ போய் வாருங்கள். கியரை ஒன்று குறைத்து ஆர்பிஎம்மைக் கொஞ்சம் தூக்கலாக வைத்து, மணிக்கு 60க்கு மேல் சீரான வேகத்தில் 15, 20 நிமிடம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். சரியான எண் உங்கள் வண்டி மேனுவலில் இருக்கிறது. நடுவில் டீ குடிக்க நிறுத்தாதீர்கள். அலட்சியம் செய்தால் அடுத்து செக் இஞ்சினும் சேர்ந்துகொள்ளும், வண்டி இழுக்காது, சர்வீஸ் சென்டரில் கம்ப்யூட்டர் போட்டு எரிக்கவேண்டும், அதுவும் முடியாவிட்டால் டிபிஎஃப்பையே மாற்றவேண்டி வரும். தினமும் நாலு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் டீசல் கார் வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

டீசலில் இன்னும் இரண்டு: சுருள் கம்பி போன்ற மஞ்சள் படம், ஸ்டார்ட் செய்யுமுன் இஞ்சினுக்குள் சூடேற்றும் குளோ பிளக், அது அணைந்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபில்டர் வடிவத்துக்குக் கீழே சொட்டு தெரிந்தால் டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறது, ஃபில்டரிலிருந்து வடித்துவிடவேண்டும், தள்ளிப்போட்டால் இன்ஜெக்டர் போகும்.

மற்ற மஞ்சள்கள், சுருக்கமாக

டயரை வெட்டிய வடிவம், நடுவில் ஆச்சரியக்குறி: காற்று குறைவு. ஒரு நிமிடம் போலச் சிமிட்டிவிட்டு நிலையாக எரிந்தால் சென்சாரில் கோளாறு. டிசம்பர் காலையில் குளிருக்கே வரலாம், வெப்பம் ஐந்தாறு டிகிரி இறங்கினால் சுமார் ஒரு பிஎஸ்ஐ குறையும். ஓட்டுவதற்கு முன் டயர் ஆறியிருக்கும்போது பாருங்கள். கார் படமும் அதன் பின்னால் வளைந்த இரண்டு கோடுகளும், வண்டி வழுக்காமல் பிடித்துவைக்கும் ஈஎஸ்பி. வழுக்கும்போது சிமிட்டினால் அது வேலை செய்கிறது, நிலையாக எரிந்தால் அணைக்கப்பட்டிருக்கிறது அல்லது பழுது. ஸ்டீயரிங்கும் ஆச்சரியக்குறியும் இருந்தால் பவர் ஸ்டீயரிங்.

ஏர்பேக் விளக்கு, சீட் பெல்ட், பழைய கார் வாங்குகிறவர்கள்

உட்கார்ந்த மனிதன், முன்னால் ஒரு வட்டம். இது எரிந்துகொண்டே இருந்தால் வண்டி எந்தத் தொந்தரவும் இல்லாமல் ஓடும், அதனாலேயே மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம் என்பதுதான் அந்த விளக்கின் பொருள். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகும் வண்டியில் இதை ஒரு வாரம் கூட விடாதீர்கள். அதேபோல 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களில் சீட் பெல்ட் எச்சரிக்கையும், மணிக்கு 80 கிலோமீட்டர் தாண்டினால் விட்டு விட்டும் 120 தாண்டினால் தொடர்ந்தும் வரும் ஒலியும் கட்டாயம். பெல்ட் ஒலியை நிறுத்த கொக்கியில் போலி கிளிப் மாட்டுகிறார்கள். 2023இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகள் அதை விற்கக் கூடாது என்று உத்தரவிட்டது. உங்கள் காரில் இருந்தால் கழற்றி எறியுங்கள்.

பழைய கார் பார்க்கப் போனால் மேலே சொன்ன சாவி சோதனையை விற்கிறவர் முன்னாலேயே செய்யுங்கள். எரியாத விளக்கைத் தேடுங்கள். ஏர்பேக் விளக்கு எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கலாம். ஆயில் விளக்கு அணையும் அதே நொடியில் ஏர்பேக்கும் அணைந்தால் இரண்டையும் ஒரே ஒயரில் சேர்த்திருக்கலாம். "பேட்டரி இப்பத்தான் மாத்தினோம் சார்" என்று சொன்னால், பிழைக்குறியீட்டை அழிக்கவே பேட்டரியைக் கழற்றியிருக்கலாம்; வண்டி தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா என்று ஸ்கேனரில் பாருங்கள், குறியீட்டை அழித்த வண்டியில் பல சோதனைகள் முடியவில்லை என்று காட்டும். 2022 செப்டம்பர் வெள்ளத்தில் பெல்லந்தூர், சர்ஜாப்பூர் ரோடு பக்கம் எத்தனையோ கார்கள் பேஸ்மென்ட்டில் மூழ்கின. தண்ணீரில் நின்ற வண்டியில் இணைப்புகள் துருப்பிடித்து, ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் காரணமில்லாமல் வந்து வந்து போகும். சீட் பெல்ட்டை முழுதாக இழுத்துப் பாருங்கள், அடியில் சேற்றுக்கறை தெரியும். உங்கள் காரே மூழ்கினால் சாவியைத் திருப்பாதீர்கள், சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

எலக்ட்ரிக் வண்டியும் வீட்டு எர்த்தும்

எலக்ட்ரிக் காரில் ஆமைப் படம் வந்தால் பவரைக் குறைத்திருக்கிறது என்று பொருள், பேட்டரி தீர்ந்திருக்கலாம் அல்லது அதிகம் சூடாகியிருக்கலாம். ஓரமாகப் போய் சார்ஜ் போடுங்கள். ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள், உயர் வோல்டேஜ்.

வீட்டில் சார்ஜர் செருகியதும் சிவப்பு விளக்கோ எர்த் குறியோ வந்தால் உடனே சார்ஜரைக் குறை சொல்லவேண்டாம். எர்த் குறி என்பது ஒரு செங்குத்துக் கோடு, கீழே சிறிதாகிக்கொண்டே போகும் மூன்று படுக்கைக் கோடுகள். அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராம்புரம் பக்கத்துப் பழைய வீடுகள் சிலவற்றில் எர்த் ஒயர் இல்லாமல் இருக்கலாம், அல்லது எங்கோ அறுந்திருக்கும். எர்த்தை ஏமாற்றும் பிளக் ஒன்றை விற்கிறார்கள், வாங்காதீர்கள். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போடுங்கள்.

அடாப்டரின் அடியில் இருக்கும் சின்னப் படங்கள்

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்பி ரோட்டில் அடாப்டர் வாங்கும்போது பின்னால் திருப்பிப் பாருங்கள். சதுரத்துக்குள் சதுரம் என்றால் இரட்டைக் காப்பு, எர்த் பின் தேவையில்லை. வீடு படம் என்றால் உள்ளே மட்டும் பயன்படுத்தவேண்டும், பால்கனி மழையில் வைக்கக்கூடாது. நேர்கோட்டுக்குக் கீழே விட்டு விட்டு வரும் கோடு டிசி (நேர்திசை) மின்சாரம், அலைக்கோடு ஏசி (மாறுதிசை) மின்சாரம். நடுவில் புள்ளி, இரு பக்கமும் பிளஸ் மைனஸ் இருக்கும் படம் பின்னின் துருவத்தைக் காட்டுகிறது; வைஃபை ரவுட்டருக்கு வேறு அடாப்டர் மாட்டும்போது வோல்டேஜோடு இதுவும் ஒத்துப்போகவேண்டும், மாறினால் ரவுட்டர் போய்விடும். முக்கோணத்துக்குள் மின்னல் என்றால் உள்ளே உயிர் வாங்கும் வோல்டேஜ், மூடியைத் திறக்கக்கூடாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் குறியும் ஆர் என்று தொடங்கும் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாததை விலை குறைவு என்பதற்காக வாங்கவேண்டாம்.

போனில் தெர்மாமீட்டர் வந்தால் சார்ஜரைக் கழற்றி நிழலில் வையுங்கள், ஃப்ரிட்ஜில் வைத்தால் உள்ளே ஈரம் படியும். சொட்டுப் படம் வந்தால் போர்ட்டில் ஈரம். போர்ட் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து மெல்லத் தட்டிக் காற்றில் உலரவிடுங்கள், அரிசியில் புதைத்தால் தூள் உள்ளே போகும். இன்வெர்ட்டரில் ஓவர்லோடு விளக்கு எரிந்தால் அயர்ன் பாக்ஸ், மிக்சி, கீசர் எது ஓடுகிறது என்று பார்த்து அணைத்துவிட்டு ரீசெட் செய்யுங்கள்.

குறுக்குக்கோடு போட்ட குப்பைத்தொட்டிப் படம் இருக்கும் எதையும், பழைய பவர் பேங்க் உட்பட, வீட்டுக் குப்பையோடு போடாதீர்கள். லித்தியம் பேட்டரி குப்பை லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டித் தனிப் பையில் வைத்து, மின்கழிவு வாங்குகிறவர்களிடம் கொடுங்கள். உப்பிப்போன பேட்டரி என்றால் அதை அழுத்தாமல், குத்தாமல், சார்ஜ் போடாமல் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.